காலர்ப் பட்டியில் ஒரு கோடும் மூன்று புள்ளியும்

டெய்லர் அண்ணாமலை என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றபோது அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. மிஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார். கையில் ஓரம் கிழித்த பதிவுத் தபால் உறை ஒன்று.

"அக்கா, காலைல போஸ்ட்மேன் குடுத்துட்டுப் போனாருங்க. எனக்கு வடக்க யாருமே இல்லீங்க. உள்ள பாருங்க, என் லேபிளு."

நான் அப்போது நாமக்கல் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் பிரிவில் இருந்தேன். உறைக்குள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதமும், நாலாக மடித்த ஒரு துணித்துண்டும் இருந்தன. பிரித்தால், கத்தரியால் வெட்டி எடுத்த சட்டைக் காலர். பச்சையும் பழுப்பும் கட்டம். கழுத்துப் பக்கம் அண்ணாமலையின் கடைப்பெயரும் ஊர்ப்பெயரும் போட்ட லேபிள். துவைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் ஓரத்தில் முழுதாகப் போகாத ஒரு கறை இருந்தது. 

எந்த ஆண்டு என்று எழுதப் பேனா துடிக்கிறது. ஆனால் "வாரா வாரம் தேதியாகவே எழுதுகிறீர்கள், பஞ்சாங்கம் படிப்பதுபோல் இருக்கிறது" என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அவருக்காக இந்த வாரம் ஆண்டை விட்டுவிடுகிறேன். சட்டைக் காலர்கள் நாய்க்காது நீளத்துக்கு இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தை மட்டும் விடமாட்டேன். அது மாசி. இந்தக் கதை மாதத்தில்தான் நிற்கிறது.

கடிதம் நாக்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு ஊரின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது. ரோட்டோரம் தலையில் அடிபட்டுக் கிடந்த ஒருவரை வேறு லாரிக்காரர்கள் தூக்கிவந்து சேர்த்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது, நினைவு இல்லை. வயது முப்பதிலிருந்து முப்பத்தைந்துக்குள். மீசை உண்டு. பையில் எந்தக் காகிதமும் இல்லை. தலையில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும்போல் தெரிகிறது, அதற்கு உறவினர் கையெழுத்து வேண்டும். எங்களுக்குக் கிடைத்த ஒரே விலாசம் சட்டையில் இருந்த லேபிள்தான். தயவுசெய்து இவருடைய ஆட்களுக்குச் சொல்லுங்கள்.

படித்துச் சொன்னேன். அண்ணாமலை அளவு நாடாவைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார்.

"யாருக்குன்னு சொல்றதுங்க அக்கா? இந்தத் துணில பதினாலு சட்டை தெச்சிருக்கேன்."

ஒரே தான், பதினாலு சட்டை

லாரிக்காரர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முதலாளி தன் ஆட்கள் எல்லோருக்கும் துணி எடுப்பார். தனித்தனியாக எடுத்தால் ஒருவன் சட்டையை ஒருவன் பார்ப்பான், மனஸ்தாபம் வரும். அதனால் ஒரே தானாக, அதாவது முழுத் துணிச்சுருளாக வாங்கி, ஒரே டெய்லரிடம் கொடுத்துவிடுவார். தீபாவளிக்குள் சட்டை கைக்கு வந்துவிடும். அந்த வருடம் இந்த முதலாளி எடுத்தது பச்சை பழுப்புக் கட்டம். பட்டறைத் தெருவில் நாலு பேர் சேர்ந்து டீ குடிக்கப் போனால், "பேண்டு செட்டு வந்துருச்சு, மேளம் எங்கப்பா?" என்று டீக்கடைக்காரர் கேட்பார்.

முதலாளியைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் மனதுக்குள் வண்டிகளை எண்ணிப் பார்த்தார். வடக்கே போயிருந்தது இரண்டு வண்டி. ஒன்றில் தங்கவேல், மற்றதில் சின்னச்சாமி. இருவரும் மீசைக்காரர்கள், ஒரே வயது. எந்த வண்டியிடமிருந்தும் பத்து நாளாகத் தகவல் இல்லை. அந்தக் காலத்தில் பத்து நாள் தகவல் இல்லாவிட்டால் யாரும் பதறமாட்டார்கள்.

எங்கள் ஆபீஸிலிருந்தே டிரங்க் கால் போட்டோம். வெகுநேரம் கழித்து லைன் கிடைத்தது. அந்தப் பக்கம் பேசியவருக்கு இந்தி மட்டும் தெரியும். இந்தப் பக்கம் முதலாளிக்குத் தமிழ் மட்டும். "ஜிந்தா, ஜிந்தா" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. உயிரோடிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். யார் உயிரோடிருக்கிறார் என்பதற்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை.

"எங்க லாரி ஆபீஸ் மேனேஜர் கூட ஒரு பொம்பளைய அனுப்பலாம். ரெண்டு ஊட்டுலயும் குழந்தைக இருக்குது, ரெண்டு பேரையும் கெளப்ப முடியாது" என்றார் முதலாளி. "ஆனா தப்பான ஆளு போயிட்டா, அங்க கையெழுத்துப் போட முடியாதுங்களே அம்மிணி. திரும்பி வந்து சரியான ஆளக் கூட்டீட்டுப் போறதுக்குள்ள ஒரு வாரம் ஓடிப் போயிரும்."

அந்த ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு இருக்குமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

இரண்டு வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். லாரி ஷெட்டுக்குப் பின்னால் முதலாளி கட்டிவிட்ட ஆறு வீட்டு வளவில் குடியிருப்பவர்கள். தங்கவேலின் மனைவி பாவாயி இடுப்பில் நாலு மாதக் குழந்தையோடு வந்தாள். சின்னச்சாமியின் மனைவி ராஜாமணி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள்.

காலரை முதலில் வாங்கியது ராஜாமணி. லேபிளைப் பார்க்கவில்லை. காலருக்குக் கீழே தையல் விட்டுப்போய்ச் சேர்த்துத் தைத்திருந்த ஒரு விரல் நீளத்தைப் பார்த்தாள். கட்டத்துக்குச் சம்பந்தமில்லாத நீல நூல்.

"இது என் கை" என்றாள். "நூலு தீந்துபோச்சுன்னு நீலத்துல போட்டேன். இது நான் தெச்சதுங்க."

அப்படியே பார்சல் எடை போடும் மேசைப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாவாயி குழந்தையை இடம் மாற்றி வைத்துக்கொண்டு அவளருகே உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் காலரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நீல நூல் எந்த வீட்டிலும் இருக்கும். பிடிவாதமாக ஒன்றை நம்புகிறவர் கண்ணுக்கு எல்லாத் தையலும் தன் தையலாகத் தெரியும். எனக்கு இன்னும் உறுதியான ஒன்று வேண்டும். அப்போதுதான் காலர்ப் பட்டியின் உட்பக்கம், லேபிளுக்கு அருகில் அதைப் பார்த்தேன். மிளகளவு இடத்தில் கறுப்பாக ஒரு நிமிர்ந்த கோடு, அதன் பக்கத்தில் மூன்று புள்ளி.

கழுவ முடியாத மை

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

இந்தத் தொடரில் கடுக்காய் மையைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். எழுதும்போது வெளுப்பாக இருந்து, காற்றுப் பட்டுக் கறுக்கிற மை அது. அதைவிட வினோதமானது சலவைக்காரர்களின் மை. அதற்குப் புட்டி கிடையாது. சேங்கொட்டை என்ற காட்டுக் கொட்டையே மைக்கூடு. ஊசியைக் கொட்டையின் தோலில் குத்தினால் நுனியில் பிசினாக ஒரு துளி ஏறி வரும். அதைத் துணியில் வைத்து, மேலே ஈரச் சுண்ணாம்பை ஒற்றினால் முடிந்தது. வெள்ளாவியில் வைத்தாலும், கல்லில் அடித்தாலும், சோடாவில் ஊறவைத்தாலும் அது போகாது. கையில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். துணிக்குக் குறி போடுவதற்கென்றே இயற்கை படைத்தது என்று எண்ணியோ என்னவோ, வெள்ளைக்காரர்கள் இந்தக் கொட்டைக்குத் தங்கள் மொழியில் வைத்த பெயரே குறிபோடும் கொட்டை என்பதுதான்.

எழுத்துத் தெரியாதவர்கள் போட்ட குறி என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு சலவைக் குடும்பம் நூறு வீட்டுத் துணியை ஒன்றாக அவித்து, ஒன்றாக அலசி, ஒரு துண்டு மாறாமல் நூறு வீட்டுக்கும் திருப்பிக் கொடுக்கிறது. அதற்கு உதவுகிற ஒன்றை எழுத்து என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கொடுமணலில் தோண்டி எடுத்த பானை ஓடுகளை ஒருமுறை போய்ப் பார்த்தேன். சிலவற்றில் பழைய தமிழ் எழுத்தில் ஆள் பெயர். சிலவற்றில் கோடும் சுழியும் கவையுமாகக் கீறல்கள். பெயரைப் படித்துவிட்டார்கள். கீறல்களுக்கு இன்றுவரை ஆளுக்கொரு விளக்கம். பானைக்காரர்கள் போட்டதா, பானையை வாங்கியவர்கள் போட்டதா, குலத்தின் அடையாளமா என்று தெரியவில்லை. மேச்சேரிச் சந்தைக்குப் போனால் செம்மறி ஆடுகளின் முதுகில் சிவப்பும் ஊதாவுமாகச் சாயக் கோடுகள் இருக்கும். எந்தக் கோடு யாருடைய ஆடு என்று சந்தைக்காரர்களுக்கு ஒரு பார்வையில் தெரியும். எனக்குத் தெரியாது. அதற்காக நான் அவர்களை எழுத்துத் தெரியாதவர்கள் என்று சொன்னால் அவர்கள் சிரிக்கத்தான் வேண்டும்.

ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்கத் தயங்குவார்கள். எழுத்தாணி அழுந்தினால் ஓலை பொத்துவிடும். அதனால் பழைய சுவடிகளைப் படிக்கிறவர் புள்ளிகளைத் தாமே போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். துணியில் எழுதியவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர்கள் புள்ளியை வைத்தே ஊரை எழுதிவிட்டார்கள்.

ஒரு குறை மட்டும் உண்டு. சுவடியை எழுதி முடித்தவர் இன்ன நாளில் எழுதி முடித்தேன் என்று கடைசியில் எழுதிவைப்பது உண்டு. என் தபால் முத்திரையில் தேதி இருக்கும். சலவைக் குறியில் தேதி கிடையாது.

அன்று காலையில் இதை நான் நினைத்திருக்க வேண்டும்.

சரசு

கோட்டை அடிவாரத்தில் சரசுவின் லாண்டரி. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. பாவாயியையும் ராஜாமணியையும் ஆபீஸிலேயே உட்காரவைத்துவிட்டு நான் காலரை எடுத்துக்கொண்டு போனேன்.

சரசு இஸ்திரிக் கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தாள். "என்னங்கக்கா, இந்நேரத்துல? ஆபீஸ்ல தேதி தீந்துபோச்சுங்களா?" என்றாள்.

"இதைப் பார். உன் குறியா?"

வாங்கி, பட்டியைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினாள். அப்புறம்தான் கண்ணால் பார்த்தாள்.

"என் குறிதானுங்க. லாரி செட்டு வளவு. கோடு வளவுக்கு, புள்ளி ஊட்டுக்கு. மூணாம் ஊடு." சொல்லிவிட்டு, "ஏனுங்கக்கா, சட்டை எங்க?" என்றாள்.

நான் நின்றபடியே சொன்னேன். கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

பாவாயி இருப்பது ஐந்தாம் வீட்டில். "அஞ்சாம் வீடாக இருந்தால் என்ன போடுவாய்?" என்று கேட்டேன்.

"அஞ்சு புள்ளிக்கு எங்கீங்க எடம்? சுழி போட்டுருவேன். ஒரு கோடு, ஒரு சுழி."

இதில் சுழி இல்லை. மூன்று புள்ளி பளிச்சென்று இருந்தது. மூன்றாம் வீடு ராஜாமணியின் வீடு. நீல நூல் ராஜாமணியின் கை. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"இருங்கக்கா, ஒரு நிமிசம்" என்றாள் சரசு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு. "அவசரப்படாதீங்க. அந்த வளவுல ஏதோ..."

நான் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டேன். ஒரு நாள் தாமதம் ஓர் உயிர் என்ற நினைப்பு எனக்கு. ஒரு நிமிடத்தைப் பற்றி நினைக்கவில்லை.

இரண்டு மணி நேரம்

ஆபீஸுக்கு வந்து, "மூணாம் வீடுதான்" என்று சொன்னது நான். இதைப் பல வருடமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். "சலவைக்காரி சொன்னாள்" என்று. அவள் சொன்னது அவளுடைய குறி என்னவென்று. ஆள் யாரென்று சொன்னது நான்.

ராஜாமணி சத்தம் போட்டு அழவில்லை. எழுந்து, ஆட்டிய மாவை யாராவது எடுத்து வையுங்கள் என்றாள். முதலாளி சேலத்துக்குப் போகும் மத்தியான பஸ்ஸுக்கும், அங்கிருந்து ரயிலுக்கும் ஏற்பாடு செய்யப் போனார். பாவாயி குழந்தையோடு வளவுக்கு ஓடினாள். போகிறவளுக்குக் கட்டுச்சோறு வேண்டுமே.

நான் என் ஜன்னலுக்குத் திரும்பினேன். மத்தியானத் தபால் கட்டும் நேரம். முத்திரையை மையில் ஒற்றுவதும் கடிதத்தில் அடிப்பதுமாகக் கை தானாக வேலை செய்தது. அந்தச் சத்தத்தில் நான் எப்போதும் நிம்மதியாக இருப்பேன். ஒவ்வொரு அடியும் ஒரு தேதி.

கட்டிய பையைப் பின்கட்டுக்கு எடுத்துப்போனபோது, தபால்காரர்கள் கடிதம் பிரிக்கும் அறைச் சுவரில் குத்தியிருந்த காகிதங்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. விலாச மாற்ற மனுக்கள். அதில் ஒன்று என் கையெழுத்தில் இருந்தது.

லாரி ஷெட் வளவில் மூன்றாம் வீட்டில் இருந்த தங்கவேல் குடும்பம் ஐந்தாம் வீட்டுக்கும், ஐந்தாம் வீட்டில் இருந்த சின்னச்சாமி குடும்பம் மூன்றாம் வீட்டுக்கும் மாறிக்கொண்டதால், கடிதங்களை அப்படியே மாற்றிக் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம். கீழே ராஜாமணியும் பாவாயியும் போட்ட இரண்டு கையெழுத்து. அதன் மேல் நானே அடித்த முத்திரை. தை மாதத் தேதி.

எல்லாம் நினைவுக்கு வந்தது. பாவாயி பிள்ளை பெற்றுத் தாய்வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். ஐந்தாம் வீட்டு வாசலில் குழாய் இருந்தது. கைக்குழந்தைக்காரி தண்ணீருக்கு நடக்க வேண்டாம் என்று ராஜாமணி தன் வீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். அந்த மனுவை அவர்கள் சொல்லச் சொல்ல இதே ஜன்னலில் எழுதிக் கொடுத்தவள் நான்.

சட்டை ஐப்பசியில் தைத்தது. முதல் சலவைக்கு வரும்போதுதான் குறி போடுவார்கள். போட்ட குறியை மாற்றுவதில்லை, மாற்றவும் முடியாது. அப்படியானால் இந்தக் குறி விழுந்தது தைக்கு முன்னால். அப்போது மூன்றாம் வீட்டில் இருந்தது தங்கவேல்.

ஆஸ்பத்திரியில் கிடப்பது பாவாயியின் புருஷன்.

முத்திரையைப் பூட்டாமல் ஆபீஸை விட்டு வெளியே போனது என் சர்வீஸில் அந்த ஒரு முறைதான். வழியில் எதிரே சரசு ஓடிவந்துகொண்டிருந்தாள். கையில் ஈரத்தோடு அதே கட்டத்தில் ஒரு சட்டை. சின்னச்சாமியினுடையது. அவர் வேறு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனதால் இது சலவையில் கிடந்திருக்கிறது.

"அக்கா, பாருங்க, இதுல சுழி" என்று மூச்சிரைத்தாள். "குடி மாறுனத நெனைக்கல நான். வாரா வாரம் பாக்கற துணி, மொகத்தப் பாத்தே பிரிச்சுப் போட்டுருவேன். வெறுங் காலரக் குடுத்தீங்களா, குறியப் படிச்சுப் போட்டேன்."

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம்.

சேலம் பஸ்

வண்டி கிளம்பத் தயாராக நின்றது. மேனேஜர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ராஜாமணி ஜன்னலோரம். மடியில் ஒரு மஞ்சள் பை, துணிமணி. கீழே நின்று பாவாயி வாழையிலைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிப் போயிருந்தது.

"ரயில்ல தண்ணி பாத்துக் குடி. அங்க போனதும் ஒரு தந்தி குடுக்கச் சொல்லு மேனேஜர" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சரசு சட்டையை விரித்துக் காட்டியது நினைவிருக்கிறது. அவள் கையில் சுழி, என் கையிலிருந்த காலரில் மூன்று புள்ளி. டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே எங்களைப் பார்த்தார். அப்புறம் விசிலை எடுத்துவிட்டார்.

"அப்ப அந்தத் தையலு?" என்றார் மேனேஜர்.

ராஜாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "தை மாசம் இவ ஊட்டுக்காரரு வண்டில லைனுக்குப் போறப்ப காலரு விட்டுப்போச்சு. இவ குழந்தைக்குப் பாலு குடுத்துட்டு இருந்தா. குடுடீன்னு நாந்தான் வாங்கித் தெச்சேன்" என்றாள். பிறகு மெதுவாக, "தையலு என்னுதுதான். சட்டைதான் அவ ஊட்டுது" என்றாள்.

எழுந்து இறங்கி வந்தாள். மஞ்சள் பையைப் பாவாயியின் தோளில் மாட்டினாள். வளவுக்குப் போய் அவளுடைய துணியை எடுத்துவர நேரமில்லை. பொட்டலத்தையும் கையில் வைத்தாள். பாவாயி எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குழந்தையோடு படியேறி, ராஜாமணி எழுந்த இடத்தில் உட்கார்ந்தாள். தான் கட்டிய சோற்றை மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி போனாள்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்பது எனக்கு அன்று உறுத்தலாக இருந்தது.

பிறகு

பாவாயி கையெழுத்துப் போட்டாள். தங்கவேல் பிழைத்துக்கொண்டார். அவருடைய வண்டி நடுவழியில் பழுதாகி நின்றிருக்கிறது. உதிரி சாமான் வாங்க வேறு வண்டியில் ஏறிப்போனவர், இறங்கி ரோட்டைக் கடக்கும்போது அடிபட்டிருக்கிறார். முதல் சில மாதம் பேச்சு வரவில்லை. வந்தபோது திக்கி வந்தது. ஸ்டியரிங்கைப் பிறகு தொடவில்லை. பட்டறைத் தெருவில் சாமான் கடையில் உட்கார்ந்தார். சின்னச்சாமி அடுத்த வாரமே ஆரஞ்சுக் கூடையோடு வந்து இறங்கி, தன்னை ஏன் தெருவே இப்படிப் பார்க்கிறது என்று கேட்டாராம்.

பாவாயி திரும்பி வந்ததும் முதலில் போனது சரசுவிடம். "இனி என்ற ஊட்டுக்காரரு துணிக்கு ஊட்டுக் குறி வேண்டாம். ஆளுக்குன்னு ஒண்ணு போடுங்க" என்றாள். வண்டிக்குப் போகிற ஆண்கள் எல்லோருக்கும் சரசு அப்புறம் ஆளுக்கொரு குறி போட ஆரம்பித்தாள். வீடு மாறினாலும் மாறாத குறி.

காலர் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. டெய்லர் அண்ணாமலை திருப்பிக் கேட்கவில்லை. மடிப்பில் துணி நைந்துவிட்டது. கட்டத்தின் பச்சை சாம்பலாகிவிட்டது. கோடும் புள்ளியும் அப்படியே இருக்கின்றன. போன மாதம் சேலத்தில் ஒரு பட்டுச் சேலையை டிரை கிளீனிங் கொடுத்து வாங்கினேன். ஓரத்தில் குத்தியிருந்த காகிதச் சீட்டில் என் பெயர், போன் நம்பர், தேதி, மணி, நிமிடம் எல்லாம் இருந்தன. எனக்குப் பிடித்த மாதிரிதான். வீட்டுக்கு வந்து பிரித்ததும் சீட்டைக் குப்பையில் போட்டேன். போட்ட பிறகு அந்தக் காலரை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பரமத்தி வேலூரில்

அன்று தோளில் தூங்கிய குழந்தை போன தை மாதம் பரமத்தி வேலூரில் வீடு கட்டிக் குடிபோனாள். என்னையும் அழைத்திருந்தாள். வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பக்கத்து வீடு. சாப்பாடு முடிந்து, பந்தல் நிழலில் நானும் ராஜாமணியும் உட்கார்ந்திருந்தோம். தங்கவேல் வாசலில் ஒவ்வொருவரிடமும் நின்று, நிதானமாக ஒவ்வொரு சொல்லாக எடுத்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தத் தொடரில் அதை எழுதப் போகிறேன் என்றேன். பெயர்களை மாற்றிவிடுவேன் என்றும் சொன்னேன். மாற்றியும் இருக்கிறேன்.

"ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும் ராஜாமணி. மூணாம் வீடு என்று வந்து சொன்னது நான்தான். சரசு இல்லை. அவள் இரு என்றாள், நான் இருக்கவில்லை. உன்னை இரண்டு மணி நேரம் அழவைத்தேன்."

"தெரியுமுங்கக்கா" என்றாள். "அழுதது போனாப் போகுது. அது ஒண்ணும் பெருசில்ல."

கையிலிருந்த வெற்றிலையின் காம்பைக் கிள்ளினாள்.

"பஸ்ஸ விட்டு எறங்குனேன் பாருங்க, அப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. நம்முளுது இல்லன்னு. அவ கையில பையக் குடுக்கறேன், உள்ள சிரிப்பா வருது. இத்தன வருசமா அவகிட்ட அத மட்டும் சொன்னதில்லீங்க. எழுதறதுன்னா அதையும் எழுதிப் போடுங்க. அவ படிக்கட்டும்."

பின்னால் தட்டோடு பாவாயி நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. காது கேட்காதவள் இல்லை அவள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு ராஜாமணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத நீ சொல்லோணுமாக்கும்?" என்றாள். "எறங்கறப்ப உன்ற மூஞ்சியப் பாத்தேன். நீ என்னையப் பாத்தீன்னா வெக்கப்படுவியேன்னுதான் திரும்பாம ஏறிப் போனேன்."

ராஜாமணி தலையைக் குனிந்துகொண்டாள். பாவாயி ஒரு வெற்றிலையை எடுத்து, முதுகைத் துடைத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்தாள்.

"அன்னைக்குக் கட்டுன புளிச்சோத்துல உப்பே போடல. ரயில்ல தின்னப்பதான் தெரிஞ்சுது. உனக்குன்னு கட்டுனது, நல்லவேளை நீ திங்கல" என்று சொல்லி, மடித்ததை ராஜாமணியின் கையில் வைத்தாள்.